மறதிக்கு ஒரு பெயர்

அத்தியாயம் பதினாறு

இந்த முறையாவது அம்மாவுக்கு முன்னால் படகுத்துறையில் போய் நின்றுவிட வேண்டும் என்று மிக்கா முந்தின நாளே முடிவு செய்திருந்தாள்.

அதற்காகவே இருட்டோடு எழுந்து குளித்தாள். வெள்ளைச் சீருடையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டாள். விடுதி வாசல்வரை வந்தும் விட்டாள். செருப்பை மாட்டும்போதுதான் கல்லூரி அடையாள அட்டை கழுத்தில் இல்லை என்பது தெரிந்தது.

அதைத் தேடி உள்ளே போனாள். கட்டிலுக்கு அடியில் குனிந்தால், மாதக்கணக்காகக் காணாமல் போயிருந்த மருந்தியல் புத்தகம் கிடக்கிறது. தூசியைத் தட்டி ஒரு பக்கம் புரட்டினாள். இன்னொரு பக்கம். அப்படியே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தாள். பரீட்சைக்கு முன்னால் ஒரு வரிகூட மண்டைக்குள் இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்த அதே புத்தகம், இப்போது கதை போல ஓடியது.

போன் அடித்ததும்தான் நிமிர்ந்தாள். ஜன்னலில் வெயில் ஏறியிருந்தது. அடையாள அட்டை மடியிலேயே இருந்தது. எப்போது எடுத்தாளோ, அவளுக்கே தெரியாது.

"எங்க இருக்கே?" அண்ணன் கில்லின் குரல். பின்னால் படகு மோட்டாரின் இரைச்சல்.

"ஜீப்னில வந்துட்டிருக்கேன் நோங்." அண்ணனை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"அது எந்த ஜீப்னி, உள்ள சேவல் கூவுது?"

மிக்கா பக்கத்து வீட்டுச் சேவலை மனதுக்குள் சபித்துக்கொண்டே ஓடினாள்.

பொய் சொல்லக் கூடாது என்று நினைப்பாள். ஆனால் உண்மையைச் சொன்னால் யார் நம்புவார்கள்? கிளம்பிவிட்டேன், புத்தகம் கிடைத்தது, நேரம் போனதே தெரியவில்லை என்றால் இருபத்தொரு வயதுப் பெண்ணைப் பார்த்து எவரும் சிரிக்கத்தான் செய்வார்கள். ஊருக்குள் ஓடும் ஜீப்னி வண்டி கிடைக்கவில்லை என்றால் யாரும் சிரிப்பதில்லை.

*

துறையில் இறங்கியபோது அம்மா எட்னா நிழல் இல்லாத பெஞ்சில் குடையை விரித்துப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். கறுப்புப் பாவாடை, கறுப்புச் சட்டை. அப்பா போய் ஒரு வருஷம் முடிய இன்னும் ஒரு வாரம் இருந்தது. காலடியில் ஒரு பிளாஸ்டிக் கூடை நிறைய மாம்பழம்.

"வாங்க மகாராணி," என்றான் கில். "அடுத்த படகை வரவேற்க வந்தீங்களா?"

"ஜீப்னி கிடைக்கல."

"கிடைச்ச ஜீப்னி என்ன ஆச்சு? எறக்கி விட்டுட்டானா?"

அம்மா மகளைக் கிட்டே இழுத்து, நடுத்துறையில் அத்தனை பேர் பார்க்க, அவள் சட்டையில் ஒன்று மாற்றி ஒன்று போட்டிருந்த பொத்தான்களைக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டாள். சின்னப் பிள்ளைக்குப் போடுவதைப் போல. மிக்கா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

"இது யாருக்கு மா, மாம்பழம்?"

"உங்க டீன் மேடத்துக்கு. கிமாராஸ் தீவுல இருந்து வெறுங்கையோட வந்தாங்கன்னு பேர் வேண்டாம். எதுக்கு என்னை வரச் சொன்னாங்க?"

"எல்லார் வீட்டையும்தான் கூப்பிடறாங்க."

அதுவும் பொய். கூப்பிட்டது அவள் வீட்டை மட்டும்தான். எதற்கென்று சென்ற வாரம் படித்தவர்களுக்குத் தெரியும். அம்மாவுக்குத்தான் தெரியாது.

மூன்றாம் ஆண்டு நர்சிங். மருத்துவமனை வார்டில் பயிற்சி. ஒருநாள் மதியம் மிக்கா பயிற்சி ஆசிரியை பக்கத்தில் நிற்க, ஒரு பெரியவருக்கு இன்சுலின் ஊசி போட்டாள். சரியாகத்தான் போட்டாள். அதை அவருடைய சார்ட்டில் எழுதிக் கையெழுத்திடப் பேனாவைத் திறந்த நேரத்தில், அடுத்த கட்டில்காரருக்கு சாப்பாடு தொண்டையில் அடைத்துக்கொண்டது. முகம் நீலம் பூத்தது. வார்டே கத்தியது. முதலில் ஓடியது மிக்காதான். அந்த மனிதரைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து, வயிற்றில் குத்தி அழுத்தி, அடைத்ததை வெளியே எடுத்துவிட்டாள்.

எல்லோரும் தட்டிக்கொடுத்தார்கள். அவள் சிரித்துக்கொண்டே விடுதிக்குப் போனாள். சார்ட்டு வெறுமையாகவே கிடந்தது.

அடுத்து ட்யூட்டிக்கு வந்த நர்ஸ் அதைப் பார்த்துவிட்டு, ஊசி போடவில்லை போலிருக்கிறது என்று இரண்டாம் முறை போடக் கையில் எடுத்துவிட்டாள். "இப்பத்தானே அந்தப் பொண்ணு போட்டுச்சு?" என்று பெரியவரின் மனைவி கேட்டதால் அவர் பிழைத்தார்.

அன்றிலிருந்து மிக்காவுக்கு வார்டு கிடையாது.

ஜீப்னியில் போகும்போது இதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தாள். ஆனால் கில், புதிதாக வாங்கிய ஆட்டுக்குட்டி பாதிரியாரின் அங்கியைக் கடித்த கதையை ஆரம்பித்தான். அவள் அதில் விழுந்துவிட்டாள். கதை முடிவதற்குள் கல்லூரி வந்துவிட்டது.

*

டீன் சோலிதும் அம்மையார் மாம்பழக் கூடையை இரண்டு கையாலும் வாங்கி மேஜைக்குக் கீழே வைத்தார். அதன் பிறகு எதையும் சுற்றி வளைக்கவில்லை. நடந்ததை நடந்தபடியே சொன்னார்.

அம்மாவின் கை மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

"அந்தப் பெரியவருக்கு...?"

"ஒண்ணும் ஆகல. ஆனா ஆகியிருக்கும்."

"மாதாவே," என்றாள் அம்மா. மிக்காவின் பக்கம் திரும்பவே இல்லை.

"உங்க பொண்ணு அன்னைக்கு ஒரு ஆளைக் காப்பாத்தினா," என்றார் டீன். "அதே நேரத்துல இன்னொரு ஆளைச் சாகக் கொடுக்க இருந்தா. ரெண்டும் இவதான். இருபது வருஷமா பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுக்கறேன். இவளை என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல. அதனாலதான் டாக்டர்கிட்ட அனுப்பினேன்."

"டாக்டரா? என்ன டாக்டர்?"

மிக்கா வாயைத் திறந்தாள். அதற்குள் டீனே சொன்னார்.

"மனநல டாக்டர். இவளுக்கு ஏ.டி.எச்.டி. இருக்குன்னு சொல்றாங்க. கவனம் ஒரு இடத்துல நிக்காம ஓடற கோளாறு. பிறவியிலேயே வர்றது. மருந்து உண்டு, பயிற்சி உண்டு. எங்களுக்கு ரெண்டு வழிதான் இருக்கு மிசஸ் துபாஸ். இவ ஒரு வருஷம் லீவு எடுத்து சிகிச்சை பண்ணிட்டு, டாக்டர் சரின்னு சொன்னா திரும்பி வரலாம். இல்லன்னா நர்சிங்கை விட்டுடணும். குடும்பத்தோட துணை இல்லாம முதல் வழி நடக்காது. அதனாலதான் உங்க பதில் வேணும். நாளைக்கு மதியத்துக்குள்ள சொல்லுங்க."

அம்மா எழுந்து நின்றாள். குரல் மரியாதையாகத்தான் இருந்தது.

"மேடம், என் பொண்ணுக்கு நோயெல்லாம் எதுவும் இல்ல. சோம்பேறித்தனம். அவ அப்பன் ரத்தம். ஒழுங்கா இருக்கணும்னு நினைச்சா இருப்பா. நினைக்கல, அவ்வளவுதான். அதுக்கு டாக்டர் ஒரு பேரு வெச்சா அது நோயாகிடுமா?"

மிக்காவுக்குப் பிறந்த நாள் முதல் எத்தனையோ பெயர்கள் இருந்திருக்கின்றன. கனவு காண்கிறவள். காற்றில் பறக்கிறவள். ஓட்டைச் சட்டி. எல்லாவற்றையும் அவள் சிரித்தபடி வாங்கிக்கொண்டிருக்கிறாள். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு டாக்டர் இந்தப் புதுப் பெயரைச் சொன்னபோதுதான் முதன்முதலாக அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுதாள். இது தன் குணம் இல்லை என்று ஒருத்தி சொன்ன முதல் நாள் அது.

அந்தப் பெயரைத்தான் அம்மா இப்போது மேஜைமேலேயே வைத்துவிட்டு வெளியே நடந்தாள்.

*

லா பாஸ் சந்தைக்குள் பாச்சோய் கடையில் மூவரும் உட்கார்ந்தார்கள். சூடான நூடுல்ஸ் சூப்பு, மேலே பொரித்த பன்றித்தோல். அம்மா கரண்டியைத் தொடவில்லை.

"எத்தனை நாளா இந்த டாக்டர்கிட்ட போறே?"

"ரெண்டு தடவைதான் மா."

"என்கிட்ட சொல்லணும்னு தோணல?"

"தோணிச்சு. எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"பைத்தியக்கார டாக்டர்கிட்ட போயிட்டு வந்திருக்கே. நாளைக்கு ஊர்ல என்ன பேசுவாங்க?"

"ஊர்ல இவளை ஏற்கெனவே பைத்தியம்னுதான் மா சொல்றாங்க," என்றான் கில். "இப்ப டாக்டர் சீட்டோட சொல்லிக்கலாம்."

"நீ வாயை மூடு தோத்தோ," என்று அம்மா மகனை அதட்டினாள்.

மிக்கா சூப்பையே பார்த்துக்கொண்டு பேசினாள்.

"சோம்பேறின்னா சும்மா இருக்கணும் மா. நான் ஒருநாளும் சும்மா இருந்ததே இல்ல. என்கூடப் படிக்கிறவ ஒரு மணி நேரத்துல முடிக்கிற பாடத்துக்கு நான் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கேன். ஒரே வரியைப் படிக்கிறேன், அது உள்ள போகுறதுக்குள்ள வேற ஏதோ வந்து இழுத்துட்டுப் போயிடுது. திரும்பி வந்து மறுபடி அதே வரி. காலையில எல்லாரும் தூங்கி எழுந்து வருவாங்க. நான் சண்டை போட்டுட்டு வந்தவ மாதிரி வருவேன். அப்பவும் நான்தான் சோம்பேறி."

"எல்லாரும்தான் கஷ்டப்பட்டுப் படிக்கிறாங்க."

"ஆமா மா. ஆனா அவங்க எழுதினது வீட்டுலயே மறந்து கிடக்கறதில்ல."

கில் தன் கிண்ணத்திலிருந்த பன்றித்தோலை எடுத்துத் தங்கையின் கிண்ணத்தில் போட்டான். அவனுக்குச் சமாதானம் பேசத் தெரியாது. சாப்பாடு போடத்தான் தெரியும்.

"அப்பாவும் இப்படித்தானே மா," என்றான். "வாடகைக்கு ஓட்டின ட்ரைசிகிள்ல ஒரு கிழவியைச் சந்தையில எறக்கி விட்டாரு. எறக்கி விட்டவர் அவங்க கோழிகளை எறக்கி விடலயே. வீட்டு வாசல்ல வந்து நிக்கறாரு, பின்னால ஆறு கோழி. 'எட்னா, இதெல்லாம் யாரு?'ன்னு கேட்கறாரு."

மிக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவைப் பார்த்ததும் அது நின்றது.

"அந்த மனுஷன் பேச்சை எடுக்காத." அம்மா ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "ஊருக்கெல்லாம் சிரிப்பு. எனக்குத்தான் வாழ்க்கை. பாதி கட்டின சுவர், பாதி பூசின வர்ணம், பாதி தோண்டின கிணறு. எல்லாம் மறந்தாரு. பிரஷர் மாத்திரை. ஒரு நாளைக்கு ஒண்ணு. கண்ணு முன்னால மேஜைல இருக்கு. அதைக்கூடப் போடல. எங்க மேல கொஞ்சமாவது அக்கறை இருந்திருந்தா போட்டிருப்பாரு. ட்ரைசிகிள் ஸ்டாண்டுல விழுந்து செத்திருக்க மாட்டாரு. பெத்த பிள்ளைங்க, கட்டினவ, யாரும் முக்கியமில்ல அவருக்கு."

பக்கத்து மேஜையில் பேச்சு நின்றது. அம்மா கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்த டாக்டர் எங்க இருக்கா?"

"எதுக்கு மா?"

"நேர்ல பார்த்துக் கேட்கறேன். என் வயித்துல பொறந்த பிள்ளைக்கு என்னன்னு எனக்குத் தெரியாதது அவளுக்கு எப்படித் தெரிஞ்சதுன்னு."

*

டாக்டர் பெலார்மினோவுக்கு முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. அம்மா சண்டைக்கு வந்திருக்கிறாள் என்பது பார்த்த உடனே அவருக்குப் புரிந்திருக்கும். நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டார்.

"நீங்க வந்தது நல்லதாப் போச்சு. மிக்காவோட சின்ன வயசைப் பத்தி அவளைவிட உங்களுக்குத்தான் தெரியும். நான் கேட்கலாமா?"

"கேளுங்க. மறைக்க ஒண்ணுமில்ல."

கில் கதவருகே நின்றான். மிக்கா தன் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"பள்ளிக்கூடத்துல எப்படி இருந்தா?"

"புத்திசாலின்னுதான் எல்லா டீச்சரும் சொன்னாங்க. ஆனா பையை விட்டுட்டு வருவா. குடையை விட்டுட்டு வருவா. ஒரு தடவை ஒத்தைச் செருப்போட வந்தா. இன்னொண்ணு எங்கடின்னு கேட்டா, அவளுக்கே அப்பத்தான் தெரியுது."

"ஒரு வேலை சொன்னா?"

"ஓடிப் போய்ச் செய்வா. மாட்டேன்னு ஒருநாளும் சொன்னதில்ல. ஆனா போற வழியில ஏதாவது ஒண்ணு பிடிச்சுக்கும். தண்ணி பிடிக்கப் போனா, அங்க யாரோ வலை பின்னிட்டிருந்தா உட்கார்ந்து பின்னுவா. குடம் வழிஞ்சு ஓடும்."

"கோவம் வருமா?"

"வராது. திட்டினா சிரிப்பா. அதுதான் இன்னும் எரிச்சலா வரும். நாம தொண்டை கிழியக் கத்துவோம். கத்தி முடிச்சப்புறம் வந்து, 'சாப்டியா?'ன்னு கேட்பா. மனசுல ஒண்ணும் வெச்சுக்க மாட்டா. எண்ணெய் வாங்கிட்டு வான்னு அனுப்பினா உப்பு வாங்கிட்டு வருவா. எண்ணெய் எங்கன்னா, தலையில அடிச்சுக்கிட்டு மறுபடி ஓடுவாரு. வண்டியை எடுத்துட்டு வேகமா ஓடுவாரு. போற வழியில எவனாவது கையைக் காட்டினா அவனை ஏத்திக்கிட்டு ஊர்க்கோடி வரைக்கும் போயிடுவாரு. நான் அடுப்பை அணைச்சுட்டு வாசல்லயே..."

அம்மா நிறுத்தினாள்.

'வருவா' எப்போது 'ஓடுவாரு' ஆனது என்பதை மிக்கா கவனித்திருந்தாள். கில்லும் கவனித்திருந்தான். அம்மாவுக்குத்தான் இப்போது தெரிந்தது.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"உங்க வீட்டுக்காரரா?"

அம்மா தலையசைத்தாள்.

"இது பெரும்பாலும் குடும்பத்துல வர்றது," என்றார் டாக்டர் மெதுவாக. "பிள்ளைக்கு இருக்கறதுக்கு ஒரு பேர் வெச்சப்புறம்தான் பல பேருக்கு அப்பாவையோ அம்மாவையோ புரியும்."

வெளியே தெருவில் ஐஸ்கிரீம் வண்டிக்காரனின் மணி ஒலித்துக்கொண்டே போனது. அது போய் முடியும்வரை அம்மா காத்திருந்ததைப் போல இருந்தது.

"டாக்டர், உங்களை ஒண்ணு கேட்கணும்." அவள் குரலில் இப்போது சண்டை இல்லை. "ஒரு வீட்டுல ஒருத்தி, புருஷனுக்கு தினமும் காலையில மாத்திரையை ஞாபகப்படுத்திட்டிருந்தா. வருஷக்கணக்கா. ஒருநாள் அலுத்துப் போய், 'இனி நான் சொல்ல மாட்டேன், நீ என்ன குழந்தையா, உன் உசுரு உனக்கு வேணும்னா நீயே போட்டுக்கோ'ன்னு சொல்லிட்டா. சொன்ன மாதிரியே நிறுத்திட்டா. அந்த மாசமே அவர் போயிட்டாரு. அவர் மறந்தது சோம்பேறித்தனம்னா, அது அவர் செஞ்சது. அவர் மறந்தது நோய்னா... நிறுத்தினவ செஞ்சது என்ன டாக்டர்?"

காலையிலிருந்து அம்மா அந்தப் பெயரை எதற்காக அப்படித் தள்ளினாள் என்பது மிக்காவுக்கு அப்போதுதான் விளங்கியது. மகளுக்கு நோய் இல்லை என்று சாதித்தால்தான் அம்மாவால் ராத்திரி கண்ணை மூட முடியும்.

டாக்டர் நாற்காலியை அம்மாவின் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

"நான் அவரைப் பார்த்ததில்ல மா. பார்க்காதவரைப் பத்தி இதுதான் அதுதான்னு சொன்னா அது பொய். மாத்திரையை ஒழுங்காப் போட்டவங்களையும் பிரஷர் கொண்டு போயிருக்கு. ஆனா ஒண்ணு சொல்வேன். வருஷக்கணக்கா ஒருத்தரோட ஞாபகத்தையும் சேர்த்துச் சுமக்கறவங்க களைச்சுப் போவாங்க. நீங்க கெட்டவங்க இல்ல. களைச்சுப் போனவங்க."

அம்மா அதைக் கேட்டுக்கொண்டாள். ஏற்றுக்கொண்டாளா என்று முகத்தில் தெரியவில்லை.

ஒரு வருஷமாக மிக்கா எந்தப் பக்கமும் திரும்பிப் பார்க்காமல் விலகி ஓடிய ஒரு காலைநேரம், இப்போது அறைக்குள்ளேயே வந்து நின்றது.

அப்பா போன் செய்திருந்தார். அவள் வகுப்புக்கு ஓடிக்கொண்டிருந்தாள்.

"இந்தாய்," என்றார், வீட்டில் பெற்றவர்கள் அவளைக் கூப்பிடும் செல்லப்பெயரால். "உங்கம்மா என்கூட டூ விட்டுட்டா. மாத்திரை ஞாபகப்படுத்த மாட்டாளாம். நீ ஒண்ணு பண்றியா? தினம் காலையில ஒரு தடவை கூப்பிட்டு 'பா, மாத்திரை'ன்னு மட்டும் சொல்லு. வேற எதுவும் பேச வேணாம்."

"நானா? நல்ல ஆளைப் பிடிச்சீங்க பா!" என்று அவள் சிரித்திருந்தாள்.

அவரும் சிரித்தார். "உனக்குப் பாதி, எனக்குப் பாதி. ரெண்டும் சேர்ந்தா ஒரு முழு ஞாபகம் வந்துடும்."

மறுநாள் கூப்பிட்டாள். "பா, மாத்திரை." "போட்டாச்சு, போட்டாச்சு." அதற்கடுத்த நாள் பரீட்சை. பிறகு ஒரு தோழியின் பிறந்தநாள். பிறகு எதுவுமே இல்லை, அந்த நினைப்பே வரவில்லை. மறக்கிறோம் என்பதே தெரியாமல் மறந்தாள். அடுத்து வீட்டிலிருந்து வந்த போன் கில்லுடையது.

*

சாயங்காலம் துறையில் காற்று கொஞ்சம் குளிர்ந்திருந்தது. எதிரே கிமாராஸ் கரை பச்சையாகத் தெரிந்தது. கில் டிக்கெட் வரிசையில் போய் நின்றான்.

அம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். நாள் முழுக்க அவள் அப்படிப் பிடிக்கவில்லை.

"வீட்டுக்கு வந்துடு இந்தாய். ஒரு வருஷம் லீவு எடுத்துக்கோ. நானே எழுப்பறேன். நானே மாத்திரை எடுத்துத் தரேன், முழுங்கற வரைக்கும் நின்னு பார்க்கறேன். டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டு வரேன். இந்தத் தடவை ஒருநாள்கூட விட மாட்டேன். சத்தியமா விட மாட்டேன்."

இந்தத் தடவை.

அந்தச் சொல்லை மிக்காவால் தாங்க முடியவில்லை. அவளுக்கு வேண்டியதெல்லாம் இதுதான். அம்மா அந்தப் பெயரை ஒப்புக்கொண்டுவிட்டாள். வாயை மூடிக்கொண்டு தலையாட்டினால் போதும். வீடு, சோறு, சிகிச்சை, ஒரு வருஷம் கழித்துக் கல்லூரி. அம்மா தன்னைக் கொலைகாரி என்று நினைத்துக்கொண்டே ஒவ்வொரு காலையும் மகளுக்கு மாத்திரை எடுத்துத் தருவாள்.

"மா, நீ நிறுத்தினதால மட்டும் இல்ல."

"விடு. டாக்டர் சொன்னதைக் கேட்டேன்."

"டாக்டருக்குத் தெரியாது மா. அப்பா என்னைக் கூப்பிட்டாரு."

அம்மாவின் கை அசையாமல் நின்றது.

மிக்கா சொன்னாள். ஓடிக்கொண்டே பேசியது, சிரித்தது, பாதி ஞாபகம் பாதி ஞாபகம் என்று அவர் சொன்னது, ஒருநாள் கூப்பிட்டது, பிறகு கூப்பிடாதது. எதையும் விடவில்லை. அம்மா அறைவாள் என்று எதிர்பார்த்தாள். அறைந்திருந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள்.

"எப்போ கூப்பிட்டாரு?"

"நீ நிறுத்தின வாரம்தான் மா."

"அவராவா? யாரும் சொல்லிக் கொடுக்காம?"

"அவராத்தான்."

"மாத்திரை போடணும்னு..." அம்மா அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். "போடணும்னு அவருக்கு இருந்துச்சா?"

மிக்கா தலையசைத்தாள்.

அம்மா பெஞ்சைத் தேடி உட்கார்ந்தாள். அப்பாவின் சவப்பெட்டி அருகில் அழாதவள், பூசையில் அழாதவள், ஒரு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டே இருந்தவள், இப்போது வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு குலுங்கினாள். கூடை தூக்கிப் போகிறவர்கள் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள். மிக்கா அவள் தோளைத் தொட்டாள். அம்மா தட்டிவிடவில்லை. சாயவும் இல்லை.

"மா, என்னை மன்னிச்சிடு மா."

அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"இப்ப என்கிட்ட எதையும் கேட்காத மிக்கா. இன்னைக்கு என்கிட்ட ஒண்ணுமில்ல."

இந்தாய் இல்லை. மிக்கா. அம்மா அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அபூர்வம்.

கில் டிக்கெட்டுகளை ஆட்டிக்கொண்டே ஓடி வந்தான். இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். "நான் போய் வரதுக்குள்ள என்ன ஆச்சு?"

அம்மா படகுப் பலகையில் கால் வைத்தாள். திரும்பாமலேயே கேட்டாள்.

"அந்த மேடத்துக்கு எப்ப பதில் சொல்லணும்?"

"நாளைக்கு மதியத்துக்குள்ள."

"சரி."

அவ்வளவுதான். என்ன பதில் என்று சொல்லவில்லை. வீட்டுக்கு வா என்று அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை.

படகு திரும்பிக் கடலுக்குள் போனது. மிக்கா துறையின் விளிம்பிலேயே நின்றாள். படகு சிறுத்துப் போகும்வரை எவர் முகமும் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

விடுதிக்கு எப்படிப் போவது, எந்த ஜீப்னி என்று யோசிக்கக்கூட முடியாமல் நடந்துகொண்டிருந்தபோது கில் கூப்பிட்டான். மோட்டார் இரைச்சலில் கத்தினான்.

"அம்மாகிட்ட என்ன சொன்னே நீ?"

"ஏன் நோங்? அம்மாவுக்கு என்ன?"

"படகுல ஏறினதுல இருந்து தனக்குத்தானே பேசிட்டு வராங்க. பக்கத்துல இருக்கறவங்க எல்லாம் பார்க்கறாங்க. 'கேட்டிருக்காரு, கேட்டிருக்காரு'ன்னு அதையே சொல்றாங்க. சிரிக்கறாங்களா அழறாங்களான்னே தெரியல. யாரு கேட்டது? என்ன கேட்டாரு?"

மிக்கா தெருவோரமாக நின்றாள்.

அப்பாவின் ட்ரைசிகிளைத்தான் கில் இன்றைக்கும் ஓட்டுகிறான். அவர் விழுந்த இடத்தில்தான் தினமும் வண்டியை நிறுத்துகிறான். அவர் விழுந்தபோது ஓடிப்போய்த் தூக்கியதும் அவன்தான்.

"மிக்கா? கேட்குதா? யாரு என்ன கேட்டாரு?"

"அப்பா, நோங்," என்றாள் அவள். "அப்பா என்கிட்ட ஒண்ணு கேட்டிருந்தாரு."

மறுமுனையில் அவன் காத்திருந்தான். இன்னொரு தடவை, முதலிலிருந்து சொல்ல வேண்டும்.